சந்திக்குப் போகாத படையல்

நவம்பர் மாதக் கடைசி. பின்னேரம் ஐந்து மணி. ஐந்து மணிதான்... ஆனால் கும்மிருட்டு. கனடாவில் லின்ட்சே ஊரைத் தாண்டி வடக்கே ஒரு மண் றோட்டு. இரண்டு பக்கமும் இலை கொட்டிய காடு, ஒரு தெருவிளக்குக்கூடக் கிடையாது. மார்க்கம் நகரத்தில் வேலை முடிந்து அந்த றோட்டில் தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு வருகிறான் நிரூபன்.

நிரூபன் வேறு யாருமில்லை. இதோ, போர்வைக்குள் காலை இழுத்து வைத்துக்கொண்டிருக்கிறானே யசிந்தன், இவனுடைய மச்சான்தான். நான் புளுகினால் இவனே சொல்லட்டும். ஒன்று மட்டும்... கதை முடிந்ததும் ஏன், எப்படி என்று என்னைப் போட்டுப் பிடுங்கக் கூடாது. எனக்கும் தெரியாது.

ஸ்காபரோ நகரச் சத்தம் ஒத்துவரவில்லை என்று நிரூபனும் மனைவி நிசாந்தினியும் கைக்குழந்தையோடு அந்தக் காட்டுக்குள் வீடு வாங்கிப் போனார்கள். வீட்டுக்குச் சூடு விறகடுப்புத்தான். படத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. வெட்டிய விறகு ஒரு வருஷமாவது காய வேண்டும் என்று இந்தப் பட்டணத்துக் கெட்டிக்காரருக்கு யார் சொல்வது? ஒக்டோபரில் பச்சை விறகை அடுப்பில் வைத்தார்கள். புகைதான் வந்தது. பிள்ளைக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

அப்போது கைகொடுத்தவர் பக்கத்துக் காணிக் கிழவர் வோல்ற்றர். தனிக்கட்டை. பிள்ளை குளிரக்கூடாது, தான் இருக்குமட்டும் விறகு குறையாது என்றார். சொன்னபடியே ஒவ்வொரு பின்னேரமும் தன்னுடைய காய்ந்த விறகைக் கொண்டுவந்து பின்கதவுப் படியில் அடுக்குவார். பட்டை மேலே பார்த்தபடி, நூல் பிடித்த மாதிரி. அடுக்கி முடிந்ததும் கோடாலிப் பிடியால் கதவில் இரண்டு தட்டு. டொக்... டொக். நிசாந்தினி அவரை அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தி, உழுந்து வடையும் தேத்தண்ணியும் கொடுப்பாள். சட்டையெல்லாம் மரப்பிசின் மணக்கும். அவர் போன பிறகு, சப்பாத்திலிருந்து சொட்டிய தண்ணீர் கதிரைக்குக் கீழே தேங்கி நிற்கும். அவள் துடைப்பாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் போவார், நல்ல மனிசன்.

ஒரு சனிக்கிழமை விடிய, விறகு கொத்தும் குற்றிக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்தார். கண்டது நிரூபன். கோடாலி கையிலேயே இருந்தது. கொத்திக் குவித்திருந்தது இவர்களுக்கான விறகு. எங்களால்தான் போனார் என்று நிசாந்தினி அழுத அழுகை கொஞ்சமில்லை.

உறவு என்று ஒரு மருமகன் வந்தான். பெட்டி தூக்க ஆள் காணாது என்று நிரூபனையும் பிடித்தார்கள். ஓக் மரப் பெட்டி, பித்தளைக் கைபிடி. இவன் பிடித்த கைபிடியில் ஒரு ஆணி கழன்று உள்ளங்கையைக் கீறிவிட்டது. தேவாலயத்துச் சவக்காலையில் புதைத்தார்கள். மருமகன் அன்றைக்கே போய்விட்டான்.

நிசாந்தினிக்கு மனம் ஆறவில்லை. எட்டாம் நாள் நாங்கள் எட்டுச் செலவு செய்வோம் அல்லவா, அதை அவருக்கும் செய்வோம் என்றாள். வடை, மீன் பொரியல், சின்னக் கிளாசில் விஸ்கி. படைத்தார்கள். முக்கியமான வேலை அதற்குப் பிறகுதான். படைத்ததில் ஒரு பங்கை எடுத்துப்போய்ச் சந்தியில் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் வரவேண்டும். செத்தவர் அங்கே சாப்பிட்டுவிட்டு அப்படியே தன் வழியில் போய்விடுவார். வீட்டு வாசலுக்கு வரமாட்டார்.

நிரூபன் தட்டோடு வெளியே வந்தான். மழை விழ விழ உறைகிறது. றோட்டு கண்ணாடி. அந்தக் காட்டுக்குள் சந்திக்கு எங்கே போவது? காரை எடுத்தால் பள்ளத்துக்குள்தான். யோசித்தான்... பின்கதவுப் படியிலேயே தட்டை வைத்தான். காரை ஸ்ரார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் அதற்குள் இருந்துவிட்டு உள்ளே போனான்.

“சந்தியிலை வச்சிட்டீங்களோ?”

“ஓம்.”

“திரும்பிப் பாக்கேல்லைத்தானே?”

“இல்லையப்பா.”

விடிந்ததும் தட்டை எடுக்க ஓடினான். தட்டு கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. பக்கத்தில் விறகு... பட்டை மேலே பார்த்தபடி.

அன்றிலிருந்து தினமும் விறகு வந்தது. பொழுதுபட டொக்... டொக். நீங்களும் அவரை மாதிரியே தட்டப் பழகிவிட்டீர்கள் என்று நிசாந்தினி சிரித்தாள். உண்மையைச் சொன்னால் சந்திக் கதையும் வெளியே வரும். ஓம், நான்தான் என்றான் நிரூபன். பிள்ளையின் இருமல் நின்றிருந்தது. விறகை எரித்தார்கள்.

ஒருநாள் வோல்ற்றரின் விறகுக் கொட்டிலைப் போய்ப் பார்த்தான். வெறுமை. ஒரு சிராய்கூட இல்லை. சரி, இனி வராது என்று மூச்சு விட்டான். அடுத்த நாள் வந்தது வேலிக் கட்டை. அதற்கடுத்த நாள் கொட்டிலின் பலகை. பிறகு கிழவர் வீட்டுக் கதவு, இலக்கத் தகட்டோடு.

பயந்தே போனான். மறுநாள்தான் வேலையால் வரும்போது மார்க்கத்திலேயே வடை வாங்கினான். முதலில் சொன்னேனே, அந்த ஐந்து மணி, அந்த மண் றோட்டு... சந்தியில் காரை நிறுத்தி வடையை வைத்தான். ஐயா, போய்விடுங்கோ என்று கும்பிட்டான். திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை. நேரே வீடு.

வீட்டுக்குள் என்றுமில்லாத சூடு. வார்னிஷ் எரிகிற மணம். பிள்ளை பாயில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தது.

“இண்டைக்கு விடியப் படியிலை இருந்தது நல்ல விறகு. நிண்டு எரியுது” என்றாள் நிசாந்தினி.

நிரூபன் இடுக்கியை எடுத்துச் சாம்பலைக் கிளறினான். ‘ணங்’ என்றது. வெளியே இழுத்தான். பித்தளைக் கைபிடி. ஒரு ஆணி இல்லை. உள்ளங்கைக் கீறல் இன்னும் ஆறியிருக்கவில்லை.

“தட்டிச்சுதோ?” என்றான்.

“ஓம், இப்பத்தான். கார் வாற சத்தம் கேக்கேல்லை, எண்டாலும் நீங்களெண்டு நினைச்சுக் கதவைத் திறந்து, உள்ளுக்கை வாங்கோ எண்டன். ஒருத்தரையும் காணேல்லை.”

பின்கதவைத் திறந்தான். புதுப்பனி. கொட்டில் பக்கமிருந்து சப்பாத்துத் தடம் படிவரை வந்திருந்தது. திரும்பிப் போன தடம் இல்லை.

மெதுவாகத் திரும்பினான். பிள்ளை அடுப்புக்குப் பக்கத்தைப் பார்த்துக் கையை நீட்டிச் சிரித்தது. அங்கே வெறுங்கதிரை.

கதிரைக்குக் கீழே தண்ணீர் தேங்கி நின்றது. மேலும் ஒரு சொட்டு விழுந்தது.