கோலுக்கு முன்னால் நின்றவர்

லண்டனில், தோர்ண்டன் ஹீத் பஸ்ஸின் மேல்தட்டில் அன்று நாலு பேர்தான்: நான், தூங்கி வழிந்த ஒரு வெள்ளைக்காரர், எனக்குப் பின்னால் உதைபந்தாட்டப் பைகளோடு இரண்டு தமிழர்கள்.

"புதுக் கோச் என்ர மனிசியையும் மயக்கிப்போட்டான்," என்றார் மூத்தவர். மனைவி விவகாரம், சண்டை வருமோ என்று எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னண்ணை கதைக்கிறியள்?"

"பத்து வருசமா மைதானப் பக்கம் வராதவ. போன ஞாயிறு வந்து பார்த்திட்டு, இப்பதான் ஆட்டம் வடிவாம்."

"உண்மைதானே. முன்னுக்கு நிக்கிற நாங்கள் இடம் மாறி மாறி ஓட, எதிர் டீமுக்கு ஆரை மறிக்கிறதெண்டு விளங்கேல்லை."

"நான் நிண்ட இடத்திலயே எத்தினை கோல் அடிச்சனான்! எங்கட ஊர்ப் பேரில ஆடுற டீமுக்குப் பக்கத்து ஊரானைக் கோச்சாப் போட்டால் இப்பிடித்தான்."

"அவர் வந்தாப்பிறகுதானே வெல்லுறம். நீங்கள் ஓடாட்டில் வாற ஞாயிறு நடுவில உங்கட இடத்தில நானாம்."

மூத்தவர் எழுந்து மணியை அடித்தார்.

"அண்ணை, உங்கட வீட்டுக்கு இன்னும் மூண்டு தரிப்புக் கிடக்கு!"

"தெரியும்."

ஜன்னலால் பார்த்தேன். பையை நெஞ்சோடு அணைத்தபடி அவர் இறங்கி நடைபாதையில் ஓடிக்கொண்டிருந்தார். நெஞ்சு வலி வந்துவிடுமோ என்று எனக்குப் பதறியது. சிவப்பு விளக்கில் பஸ் நிற்க, எங்களை முந்திப் போனார்.

"கடவுளே," என்றார் இளையவர், "இதைக் கோச் காணக்கூடாது. பிறகு அந்த இடம் எனக்குக் கிடைக்காது."