இடதா, வலதா?

இரவு ஒன்பதரை மணி. புறவழிச் சாலையில் ஈ காக்கை இல்லை. கடைசி பஸ் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அக்கா தனியாக நடந்துகொண்டிருந்தாள்...

என் நண்பனின் அக்கா. புருஷன் போனபின் பிள்ளையை மாமியார் வைத்துக்கொண்டாள். "வேலைன்னு ஒண்ணு கிடைக்கட்டும், அப்புறம் வந்து கூட்டிட்டுப் போ." அதற்காகத்தான் மெடிக்கல் கோடிங் வகுப்பு. டாக்டர் எழுதிய குறிப்பைப் படித்து, என்ன காயம், எந்தப் பக்கம், எப்படிப் பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு, அதாவது கோடு, போடும் வேலை. வகுப்பில் எல்லாம் சின்னஞ்சிறுசுகள். 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டதோடு சரி. பக்கத்தில் உட்கார ஆளில்லை.

பயம் தெரியாமலிருக்கப் பாடத்தை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள். "மணிக்கட்டு முறிவு... கீழ விழுந்தது..."

"இடதா, வலதா?"

பின்னால் ஒரு பெண் குரல். திரும்பினாள். இருட்டில் முகம் தெரியவில்லை. வகுப்புப் பெண் யாரோ. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஐயோ, விட்டுட்டேன் பாரு! வலது."

அன்றிலிருந்து தினமும் அந்தக் குரல் கூட வந்தது. கேள்வி கேட்கும், தப்பைத் திருத்தும், சிரிக்கும். அக்காவும் மனசுவிட்டுப் பேசினாள்.

பரீட்சைக்கு முந்தின இரவு குரல் கேட்டது: "ரோட்டுல நடந்து போனவ. லாரி மோதி கால் முறிஞ்சிடுச்சு."

"எந்தக் கால்?"

"ரெண்டும்."

கோடில் கடைசி எழுத்து மட்டும் பாக்கி. அக்கா கேட்டாள்: "ஆஸ்பத்திரிக்கு முதல் தடவையா, திரும்ப வந்ததா?"

குப்பென்று ஸ்பிரிட் வாடை... அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் சரக் சரக்கென்று கேட்டது தன் செருப்பு மட்டும்தான்.

"திரும்பத் திரும்ப வர்றேனே..." காதருகே.

ஓடினாள். கதவைத் தாழிட்டாள். நடந்ததைச் சொல்ல அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள்? விடியும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பரீட்சையில் தேறினாள். வேலையும் கிடைத்தது. பிள்ளைதான் வரவில்லை, பாட்டியை விட்டு நகரமாட்டேன் என்றுவிட்டது.

ஆபீஸ் வண்டி வீட்டு வாசலிலேயே இறக்கிவிடும். ஆனாலும் அக்கா தினமும் பழைய பஸ் ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்தாள்.

விஷயம் தெரிந்து, தம்பி ஒரு நாள் பைக்கில் வந்தான். "இந்த நேரத்துல இப்படித் தனியா நடக்கலாமாக்கா? ஏறு."

ஏறி உட்கார்ந்தாள். பின்சக்கரம் அமுங்கியது.

"கொஞ்சம் முன்னாடி தள்ளி உட்காருப்பா," என்றாள்.

தள்ளி உட்கார்ந்தான்.

பின்சக்கரம் இன்னொரு முறை அமுங்கியது.