பன்னிரண்டு பெட்டி

எங்கள் செஜியாங் சந்தையில் பொத்தான் கிலோவுக்குப் போகும், ஜிப் மீட்டருக்குப் போகும். ஒரு தகப்பனின் நற்பெயர் எவ்வளவுக்குப் போகும் என்று கேட்டால், பேரம் போக ஒன்பதாயிரம் யுவான். வாங்கினவன் நான் என்பதால் சொல்கிறேன்.

என் பெயர் ஷாவ் குய்ஃபா, பொத்தான் வியாபாரி. பக்கத்துக் கடை ஜிப் வியாபாரி தோங் ரென்ஷெங். இருபது வருஷமாக எங்கள் இரண்டு கடைக்கும் ஒரே சுவர். தன் கடைக்கு வருகிறவர்களிடம், "பொத்தானா, எங்க அண்ணன்கிட்ட போங்க" என்று கைகாட்டி அனுப்புவான். நல்லவன். இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, நான் மறைத்ததாக ஆகிவிடக் கூடாது.

இளவயதில் போலி சிகரெட் விற்றுச் சிறைக்குப் போய் வந்தவன் நான். அதனால் சந்தை நிர்வாகம் எனக்குக் கிடங்கு தரவில்லை. தோங் தன் பெயரில் ஒன்றை எடுத்து, பாதியை எனக்கு விட்டான். ஒரு சாவி அவனிடம், ஒன்று என்னிடம்.

அவன் மகன் சியாங்குக்கும் என் மகன் லெய்க்கும் பட்டாளத்துக்குப் போக ஆசை. விடிந்ததும் ஆற்றோரம் சேர்ந்தே ஓடுவார்கள். லெய்தான் முந்துவான். உடல் தேர்வில் இரண்டு பேரும் தேறினார்கள். அதற்கப்புறம் குடும்ப விசாரணை. பட்டாளத்துக்குப் போகிறவனின் கால் நேராக இருந்தால் மட்டும் போதாது, அப்பன் நடந்த வழியும் நேராக இருக்க வேண்டும். லெய்யின் பெயரை அடித்துவிட்டார்கள்.

அவன் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்: "அந்த சிகரெட்டுல எவ்வளவுப்பா லாபம் வந்துச்சு?"

நான் குழம்பை அவன் பக்கம் தள்ளி வைத்தேன்.

மறுநாள் தோங் வந்தான். "அண்ணே, சியாங்குக்குக் கொட்டு முழக்கத்தோட வழியனுப்பு விழா வைக்கப்போறாங்க. நீங்க என் பக்கத்துல நிக்கணும்."

"நிக்கிறேன்."

"லெய்ய நினைச்சுக் கவலைப்படாதீங்க. என் கடைக்கு வரட்டும். எனக்கும் அவன் புள்ளதானே?"

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பதுபோலச் சொன்னான். அவனுக்குத்தான் ஏற்கெனவே ஒரு மகன் இருந்தானே.

நான் நினைத்ததில் அநியாயம் ஒன்றும் இல்லை. பக்கத்துப் பக்கத்துக் கடையில் ஒரே சரக்கு இரண்டு விலைக்குப் போனால் சந்தை கெட்டுவிடும். என் விலையை ஏற்ற வழியில்லை. அவன் விலையை இறக்கலாம்.

பழைய கூட்டாளியிடம் ஒன்பதாயிரம் யுவானுக்குப் பன்னிரண்டு பெட்டி போலி சிகரெட் வாங்கி, தோங்கின் மூட்டைகளுக்குப் பின்னால் அடுக்கினேன். போலீசுக்குத் தகவல் சொன்னதும் நான்தான். ஏழெட்டுப் பெட்டி என்றால் அபராதம். பன்னிரண்டு என்றால் சிறை. பழகின தொழில் மறக்குமா?

சோதனைக்கு வந்தவர் கேட்டார்: "சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

தோங் என்னைப் பார்த்தான். எனக்குப் பழைய புத்தி திரும்பிவிட்டது என்று எண்ணிக்கொண்டான் போலிருக்கிறது. "யார்கிட்டயும் இல்லீங்க. என் சரக்குதான்" என்றான். அவர்கள் பெட்டியைப் பிரிக்கும்போது என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னான்: "உங்களுக்கு இது ரெண்டாவது தடவை அண்ணே, விட மாட்டாங்க. எனக்கு அபராதத்தோட போயிரும்."

ஜிப் வியாபாரிக்கு சிகரெட் கணக்கு என்ன தெரியும். நான் திருத்தவில்லை.

தோங்குக்கு நாலு வருஷம் போட்டார்கள். சியாங்கின் பெயரையும் அடித்தார்கள். இரண்டு கடையும் ஒரே விலைக்கு வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் லெய் ஜிப் கடைக்கே வேலைக்குப் போய்விட்டான். மாதாமாதம் சியாங்கோடு சிறைக்கும் போகிறான். ரத்த உறவைத்தான் உள்ளே விடுவார்கள். சியாங் பார்த்துவிட்டு வரும்வரை இவன் வாசலில் நிற்கிறான். ஒருமுறை பின்னாலேயே போய்ப் பார்த்தேன். பனிமழை, கையில் குடையில்லை.

"உள்ள விட மாட்டாங்கன்னு தெரியும்ல? அப்புறம் எதுக்குடா போற?" என்று கேட்டேன்.

"வெளிய நிக்க விடுறாங்கல்ல" என்றான். "சித்தப்பாவுக்கு நான் வந்திருக்கேன்னு தெரிஞ்சா போதும்."

அதனால்தான் இன்று வந்தேன். தோங்கை விடுவதும் விடாததும் உங்கள் பாடு. நான் உள்ளே இருந்தால் லெய் வாசலில் நிற்க வேண்டியதில்லை. பெற்ற மகன், உரிமையோடு உள்ளே வந்து என் எதிரில் உட்காரலாம். நேற்று எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். தன் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனான். கோபம் இருந்தால் சண்டை போட்டிருப்பான்.

தோங்குக்காக அவன் பதினாறு மாதம் நின்றிருக்கிறான். எனக்காக ஒரு நாளும் இல்லை. எனக்கு வர வேண்டிய பாக்கி பதினாறு. வருகிற மாதத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம்.