ஷுப்ராவின் ஐரோப்பிய சாம்பியன்

— சரி, இன்னொரு தடவை சொல்லுங்க வாத்தியாரே. முப்பது வருஷம் டிராம்ல டிக்கெட் செக்கரா இருந்தவன் நான், ஒரு தடவை கேட்டா எதையும் நம்பறதில்ல. நீங்க எதுக்குச் சாம்பியன்?

— ஐரோப்பாவுக்கு, மாமா.

— மாமாவா? காபி இன்னும் அடுப்பை விட்டு எறங்கல, அதுக்குள்ள மாமாவா? பொண்ணு கேட்டுத்தான் வந்திருக்கீங்க, இன்னும் குடுக்கல. மரியாதையா ஷாகிர் எஃபெந்தின்னு கூப்பிட்டா போதும்.

— மன்னிக்கணும், எஃபெந்தி.

— பள்ளிக்கூடத்துல என்ன பாடம் நடத்தறீங்க, லுத்ஃபி?

— பூகோளம்.

— மாஷா அல்லா! பூகோளமேதானா? அப்ப நீங்களே சொல்லுங்க, கெய்ரோ எந்தக் கண்டத்துல இருக்கு?

— ஆப்பிரிக்காவுல.

— நாம இப்ப உக்காந்திருக்கற ஷுப்ரா?

— அதுவும் ஆப்பிரிக்காவுலதான், எஃபெந்தி.

— எனக்கும் அப்படித்தான் ஞாபகம். நான் அசந்த நேரத்துல யாராவது தள்ளி வச்சுட்டாங்களோன்னு பயந்துட்டேன்.

— அது வந்து, எஃபெந்தி... அதுக்கு முந்தின கூடைப்பந்துப் போட்டியில ஜெயிச்சது ரஷ்யாக்காரங்க. ஜெயிச்ச நாட்டுலதான் அடுத்த போட்டி நடக்கணும். எங்களால முடியாதுன்னுட்டாங்க. ரெண்டாவதா வந்த செக்கோஸ்லோவாகியாவும் கையை விரிச்சுட்டாங்க. மூணாவதா வந்தது நாம. அதான் போன வருஷம் மே மாசம் கெய்ரோவுல நடந்துச்சு.

— அதாவது, மாப்பிள்ளையும் வரல, தோழனும் வரல, பந்தல் போட்டவனுக்கே பொண்ணைக் கட்டி வச்சுட்டாங்க.

— அப்படிச் சொல்லிட முடியாது. ஏழு நாடு ஆடிச்சு.

— எந்தெந்த நாடு?

— பிரான்ஸ், கிரீஸ், துருக்கி, ஹாலந்து...

— நாலாச்சு.

— நாம.

— அஞ்சு.

— அப்புறம் சிரியா, லெபனான்.

— ஆஹா! பெய்ரூட்டும் ஐரோப்பாவுக்குக் குடி போயிடுச்சா? என் தங்கச்சி அங்கதான் இருக்கா. பாவம், அவளுக்கு யாரும் தகவல் சொல்லல போலிருக்கு. மத்த வெள்ளைக்காரன் எல்லாம் எங்க?

— அவ்வளவு தூரம் விமானத்துல வரமாட்டோம்னுட்டாங்க.

— வெவரமானவங்க. அடியில்லாத கூடையில பந்தைப் போட்டுட்டு, அது கீழ விழுந்துடுச்சுன்னு கை தட்டறதுக்கு எவன் கடல் தாண்டி வருவான்? சரி, நமக்கு மொத்தம் ஆறு ஆட்டமா?

— ஆறு.

— நீங்க எத்தனை ஆட்டத்துல?

— ஆறுலயும் இருந்தேன்.

— இருந்தீங்களா, ஆடினீங்களா?

— அஞ்சுல... பெஞ்சுல இருந்தேன்.

— மரப் பெஞ்சா, மெத்தை போட்டதா?

— மரம்.

— அடடா. எங்க டிராம்லயும் மரப் பெஞ்சுதான். முப்பது வருஷமா எத்தனை ஐரோப்பா சாம்பியனுங்க அதுல உக்காந்துட்டுப் போயிருக்காங்களோ! தெரியாம எல்லார்கிட்டயும் டிக்கெட் கேட்டுட்டேன்.

— ஆறாவது ஆட்டத்துல எறக்கினாங்க, எஃபெந்தி. பிரான்ஸோட. அதுதான் கடைசி ஆட்டம்.

— ஓ! நாட்டு மானமே ஊசலாடற நேரத்துல, கூப்பிடுடா லுத்ஃபியைன்னு...

— இல்ல. அப்ப நாம இருபது புள்ளிக்கு மேல முன்னால இருந்தோம். மூணு நிமிஷம்தான் மிச்சம்.

— என்னை எறக்கியிருந்தாலும் ஜெயிச்சிருப்போம்.

— ஆமா, எஃபெந்தி.

— முட்டிவலியோட என் மாமியாரை எறக்கியிருந்தாலும்?

— ஜெயிச்சிருப்போம்.

— உங்களுக்குக் கோபமே வராதா?

— பெஞ்சுல உக்காந்து உக்காந்து போயிடுச்சு.

— ம். சரி, அந்த மூணு நிமிஷம் என்னதான் பண்ணீங்க?

— பந்து வந்தா கையிலயே வச்சுக்கோ, தட்டிக்கிட்டே நேரத்தை ஓட்டு, கூடைக்குப் போடாதேன்னார் கோச்.

— நல்லவேளை, சுலபமான வேலை. அதைச் செஞ்சீங்க.

— போட்டுட்டேன்.

— போடாதேன்னு சொன்ன பிறகா?

— எஃபெந்தி, சுத்தியும் ஜனம். விளக்குக் கம்பத்து மேலயெல்லாம் ஏறி உக்காந்திருக்காங்க. 'போடு, போடு'ன்னு கத்தறாங்க. என் எதிர்ல ஒரு ஆள் இல்ல. நாலு வருஷமா விடியக்காலைல சுபுஹு தொழுதுட்டு நேரா மைதானத்துக்குப் போய், அதே எடத்துல நின்னு, தனியா தெனம் நூறு தடவை போட்டிருக்கேன். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டாலும் விழும். கை தானா மேல போயிடுச்சு.

— விழுந்துச்சா?

— வளையத்து மேல ரெண்டு சுத்து சுத்திச்சு. அப்புறம், யோசிச்சுப் பார்த்துட்டு வேணாம்னு சொன்ன மாதிரி, வெளிய விழுந்துடுச்சு.

— அதை எவன் எடுத்தான்?

— ஒரு பிரெஞ்சுக்காரன். எடுத்தான், ஓடினான், நம்ம கூடையில போட்டான்.

— மாஷா அல்லா! அப்ப இந்தப் போட்டியில உங்களால கெடச்ச புள்ளி ரெண்டு. அதுவும் பிரான்ஸுக்கு. பாரிஸ்ல உங்களுக்கு ஒரு சிலை வச்சிருக்கணுமே?

— வைக்கல. ஆனா நம்மவங்க இந்த மெடலைக் குடுத்தாங்க.

— வேணாம், உள்ள வைங்க... சரி, குடுங்க பாப்போம். ம். கனமாத்தான் இருக்கு. பெஞ்சுல உக்காந்தவனுக்கும் இதே மெடல்தானா?

— இதேதான். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், பத்துத் தடவையாவது எடுத்து எடுத்துப் பார்த்திருப்பேன். வெக்கமாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. எது அதிகம்னு இன்னும் தெரியல.

— சரி, கிண்டல் போதும். பேப்பர்ல உங்க பேர் பார்த்தேன். இந்த வருஷம் அர்ஜென்டினாவாமே?

— ஆமா, எஃபெந்தி. உலகப் போட்டி. மொதல் தடவையா நடத்தறாங்க. இதுல பெஞ்சு இல்ல. ஆட்டம் தொடங்கறப்ப உள்ள எறங்கற அஞ்சு பேர்ல நான் ஒருத்தன்.

— கப்பல்ல எத்தனை நாள்?

— போக ஒரு மாசம், வர ஒரு மாசம். அங்க பழகி, ஆடி, கப்பலுக்குக் காத்திருந்து... நாலு மாசம் ஆயிடும்.

— என் அக்கா மகன் ஹம்தியும் இனாயத்தைக் கேக்கறான். சர்க்கார் உத்தியோகம். மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆபீஸ் விட்டா, ரெண்டேகாலுக்குச் சாப்பாட்டு மேஜைல இருப்பான். அவன் எதுக்கும் சாம்பியன் இல்ல. ஆனா, இருப்பான். என் சம்சாரம் போனப்புறம் இந்த வீட்டுல நானும் என் பொண்ணும்தான். அவ என்னடான்னா, கட்டினா உங்களைத்தான் கட்டுவேன்னு நிக்கறா. ஏன்னு எனக்கு இன்னும் விளங்கல. அதனாலதான் போன வாரம் ஆள் விட்டுச் சொன்னேன். கப்பல் ஏறினா பொண்ணு இல்ல. இதுல கிண்டல் கிடையாது, வாத்தியாரே.

— தெரியும், எஃபெந்தி. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் போகல.

— என்ன?

— என்னால வர முடியாதுன்னு சங்கத்துக்குக் கடுதாசி எழுதிட்டேன். காலைல தபால்ல சேர்த்துட்டேன்.

— நெசமாவா?

— பெட்டி வாய்கிட்ட அதைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். பின்னால நின்ன யாரோ ஒரு அம்மா, 'போடு மகனே, போடு, எனக்கு வேற வேலையில்லையா'ன்னு சத்தம் போட்டாங்க. போட்டுட்டேன். இந்தத் தடவை சரியா உள்ள விழுந்துடுச்சு.

— லுத்ஃபி...

— சொல்லுங்க, எஃபெந்தி.

— மாமான்னே கூப்பிடு.

— மாமா.

— இனாயத்! காபியை விடு, சர்பத் கொண்டா! நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதப் போறோம்!

— வந்துட்டேன்பா, கத்தாதீங்க. எதிர்வீட்டுல பால்கனி பூரா ஆள் வந்தாச்சு.

— வரட்டும், பாக்கட்டும். மாப்பிள்ளை கப்பல் ஏறல, இனாயத். உனக்காக வேணாம்னு எழுதிப் போட்டுட்டார்.

— எதை வேணாம்னு?

— அர்ஜென்டினாவை.

— யாரைக் கேட்டு எழுதினீங்க, லுத்ஃபி?

— உங்க அப்பா சொல்லி அனுப்பினார், இனாயத். அதான்...

— அவர் உங்களைக் கேட்டார். நீங்க அவருக்குச் சரின்னுட்டீங்க. ரொம்பப் பொருத்தமான ஜோடி. கல்யாணம் உங்க ரெண்டு பேருக்குமா?

— இனாயத், நாக்கை அடக்கு!

— இது உங்க நாக்குதாம்பா, என் வாயில இருக்கு. லுத்ஃபி, இந்தத் தாளைப் பிடிங்க. சத்தமா படிங்க.

— 'செல்வி இனாயத் ஷாகிர் அவர்களுக்கு... மருத்துவக் கல்லூரியில் தங்களுக்கு இடம் வழங்கப்பட்டுள்ளது... அக்டோபர் மாதம்...' இனாயத்! டாக்டருக்கா?

— இது எப்பலேருந்து?

— மூணு வாரமா மாவு டப்பாவுக்கு அடியில இருக்குப்பா.

— பெத்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

— சொல்லியிருந்தா இந்நேரம் தெருவுல இருமறவன் எல்லாரையும் வைத்தியத்துக்கு மாடிக்கு அனுப்பியிருப்பீங்க. ஹம்திகிட்ட சொன்னேன். ஏழு வருஷப் படிப்புன்னேன். அப்ப ரெண்டேகாலுக்கு யார் சோறு போடறதுன்னான்.

— என்கிட்ட சொல்லியிருக்கலாமே, இனாயத். நான்... என்னைப் பிடிச்சுத்தான் நீ சரின்னு சொன்னதா நெனச்சுட்டேன்.

— பிடிச்சிருக்கு. அதுல மாத்தமில்ல. ஆனா பிடிச்ச ஆளுக்கும் ரெண்டேகாலுக்குப் பசிக்குமே, லுத்ஃபி. வருஷத்துல நாலு மாசம் கடல்ல, மிச்ச நாள் சாயங்காலம் பூரா மைதானத்துல, இப்படி ஒரு மாப்பிள்ளை கெய்ரோவுக்கே ஒருத்தர்தான் இருந்தார். அவரும் இன்னைக்குக் காலைல தபால் பெட்டியில விழுந்துட்டார்.

— ஏழு வருஷமும்... இந்த வீட்டுலேருந்துதான் போய் வருவியா?

— இவர் கப்பல்ல இருக்கறப்ப நான் வேற எங்க இருப்பேன்பா? வீட்டுல இருக்கணும்னு நீங்க கேக்கற ஆள் நான்தான். நான் இருப்பேன். ஆனா கப்பல் ஏறாத மாப்பிள்ளை எனக்கு வேணாம்.

— மாமா, அந்தக் கடுதாசிக்கு முந்தி வர்றேன்னு தந்தி போயாகணும். தந்தி ஆபீஸ் எத்தனை மணி வரைக்கும் தெறந்திருக்கும்?

— எட்டு மணிக்குச் சாத்திடுவான், இன்னும் கால் மணிதான் இருக்கு. டிராமுக்கு நிக்காத மகனே, அதை நம்பினா நாளைக்குத்தான் போய்ச் சேருவ. ஓடு!