ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே

பல் மருத்துவர்களிடம் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. என் கடைவாய்ப் பல்லை அடைத்த டாக்டர் தங்கமான மனிதர். செத்துப்போன ப்ரூஸ் டில்லார்ட், ஒஹையோவில் பல் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்காக நான் ஒன்றும் செய்யவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ரீனோவின் சூதாட்ட விடுதிகளில் பகடை மேசைக்கென்று ஒரு பேச்சு உண்டு. இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் பாம்புக் கண். இரண்டிலும் ஐந்து விழுந்தால் நாய்க்குட்டிப் பாதம். பன்னிரண்டு என்றால் சரக்கு ரயில். ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஓர் எண் இருக்கிறதே, அதை மட்டும் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் அடுத்த வீச்சில் அதுதான் வரும். வந்தால், எறிகிறவனை நம்பிக் கட்டிய அத்தனை பேர் பந்தயமும் போய்விடும், பகடையும் கை மாறிவிடும். அதனால் அதைப் 'பெரிய சிவப்பு' என்போம். இந்த வாக்குமூலத்திலும் அதன் பெயரைச் சொல்லப்போவதில்லை. உங்கள் பக்கத்தில் இருக்கும் அதிகாரி சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

இந்தப் பேச்சை எனக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித்தரவில்லை. பகலெல்லாம் கூரை வேலை. முடித்துவிட்டு வந்து மேசை ஓரமாக நின்று, தப்பாகப் பேசி, திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டேன். பாதி ஆயுள் அதிலேயே போனது. டில்லார்ட் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார். "என்னங்க பாஷை இது, எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடுங்களேன்" என்றார். சொல்லிக்கொடுத்தேன். சனிக்கிழமைக்குள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். என்னை 'வாத்தியாரே' என்று கூப்பிட ஆரம்பித்தார். ஞாயிறு மத்தியானம் அவர் வந்ததும் ஆட்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். நீளக் கோலால் பகடையைத் தள்ளித்தருகிற மாரிசெல், என்னிடம் ஒருநாளும் முகம் கொடுத்துப் பேசாதவள், அவரைப் பார்த்ததும் இளித்தாள்.

"வாங்க டாக்டரே, இன்னிக்கு நாய்க்குட்டி வருமா?"

"வந்தா வாயைத் திறக்கச் சொல்லும்மா, பல்லு பாக்கணும்."

மேசையே சிரித்தது. எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

என் கைக்குப் பகடை வந்தால் என்ன நடக்கும் தெரியுமா? பந்தயத்தை எடுத்துக்கொண்டு விலகிப்போவார்கள். ராசியில்லாத கையைக் குளிர்ந்த கை என்பார்கள்; 'ஐஸ்கட்டி வெண்டல்' என்பதுதான் அங்கே என் பெயர். அந்த ஞாயிறு மட்டும் பகடை என் கையை விட்டுப் போகவில்லை. கேட்டதெல்லாம் விழுந்தது. விலகிப்போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். முகம் தெரியாத ஒருவன் என் முதுகில் தட்டி, "இன்னிக்கு நீதான்யா ராஜா" என்றான். காசு எனக்குப் பெரிதில்லை. அந்த ஒரு தட்டலுக்காகத்தான் இத்தனை வருஷம் அங்கே நின்றேன்.

அடுத்து எட்டு விழ வேண்டும். பகடையை எடுத்தேன். டில்லார்ட் என் காதருகே குனிந்து அந்த எண்ணைப் பற்றிப் பேச்செடுத்தார். பேச்செடுத்தது அவர்தான் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுகணம் அந்தச் சொல் மேசையில் விழுந்தது. மாரிசெலின் முகம் செத்துப்போனது. நான் எறிந்தேன். மூன்றும் நாலும்.

எல்லோரும் மிச்சமிருந்த பந்தயச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டு, பழையபடி என்னை விட்டு விலகினார்கள்.

டில்லார்ட் மட்டும் கூடவே வந்தார். கார் நிறுத்தும் கட்டடத்தில் லிஃப்டுக்கு நின்றவரை, படியிலேயே போகலாம் என்று கூப்பிட்டேன். மறுபேச்சில்லாமல் வந்தார். முன்னால் இறங்கிக்கொண்டே என்னைத் தேற்றினார்.

"விடுங்க வாத்தியாரே. பகடைக்குக் காதா இருக்கு?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் எத்தனையோ வருஷம் கட்டிக்காத்ததை, இரண்டு நாளில் கற்றுக்கொண்டு, மூன்றாம் நாள் சிரித்தார். யாராக இருந்தாலும் கோபம் வரும். அவர் முதுகில் இரண்டு கையையும் வைத்தேன். சிமென்ட் படி.

கீழே போய்ப் பார்த்தபோது மூச்சு இருந்தது. ஆளைக் கூப்பிடச் சொன்னார். நான் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, அந்தச் சொல்லை ஏன் சொல்லக்கூடாது என்று முதலிலிருந்து விளக்கினேன். அவசரப்படாமல், புரியும்படி சொன்னேன். நடுவில் அவர் சத்தம் போட்டார், அதனால் என் கோட்டை மடித்து அவர் வாய்மேல் வைத்து அழுத்தவேண்டியிருந்தது. விளக்கி முடிப்பதற்குள் அவர் முடிந்துவிட்டார். பிறகு பசித்தது. உள்ளே போய் சூப் குடித்தேன்.

ஆக, கொன்றது நான்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாரிசெல் உங்களிடம் சொல்லியிருப்பது அநியாயம். அந்தச் சொல்லைச் சொன்னது டாக்டர் இல்லை, வெண்டல்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாளாம். டில்லார்ட் கேட்டது, "பெரிய சிவப்பு வந்தா எல்லாம் போச்சு, இல்லையா வாத்தியாரே?" என்று மட்டும்தான். அது உண்மை. அதன் பெயரை மட்டும் சொல்லிவிடாதே என்று எச்சரிக்கத்தான் நான் வாயைத் திறந்தேன். எச்சரிக்கும்போது பெயர் வந்துவிட்டது. கேட்காமல் இருந்திருந்தால் வந்திருக்குமா? அந்தச் சொல்லைச் சொன்னது அவர்தான் ஐயா. என் வாயால் சொன்னார், அவ்வளவுதான்.