தவளைக்காகப் போட்ட மொட்டை

அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்கியது தப்பு என்று நாலு வருஷமாய் இதை எழுதாமல் இருந்தேன். முருகன் மன்னிக்கட்டும்.

திருத்தணியில் மலையிறங்கி சென்னை ரயில் ஏறினேன். எதிரே ஒரு அப்பாவும் மகளும். அவர் மொட்டைத் தலையில் சந்தனம்கூடக் காயவில்லை.

"தவளையை அறுக்கவா நான் மொட்டை போட்டேன்?" என்றார் திடீரென்று.

"ஆராய்ச்சி சீட்டு கிடைக்கணும்னு நீதானே வேண்டிக்கினே, நைனா?"

"ஆங். தவளைன்னு சொன்னியா நீ?"

"மீனும் இருக்குது."

"மீனு வேறயா!"

"அம்மா தினம் தைராய்டு மாத்திரை போடுதே, அந்த ஹார்மோன் இல்லன்னா தலைப்பிரட்டை தவளையாவே ஆவாது. அது எப்பிடின்னு பாக்கறதுதான் வேலை. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சேர வரேன்னு காலேஜுக்கு மெயில் எழுதலன்னா சீட்டு வேற ஆளுக்குப் போயிடும்."

"உயிர் பாவம்மா."

ரயில் அரக்கோணம் தாண்டியது. அவள் கையில் போன், கண்ணில் தண்ணீர். நான் மனசுக்குள் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன்.

திருவள்ளூரில் மணி நாலே முக்கால். அவர் தலையைத் தடவிக்கொண்டார்.

"கேட்டது நான், கொடுத்தது அவன். முடியையும் வாங்கிக்கினான். இப்போ வாணான்னா எந்த மூஞ்சியோட மலையேறுவேன்? வரேன்னு எழுது. அறுக்கற அன்னிக்கு மட்டும் எங்கிட்ட சொல்லாத."

இதை யாரிடமாவது சொன்னால் அவர் சொன்னபடியே சொல்லுங்கள். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.