கேட்டுச் சொன்னவன்

வெள்ளிக்கிழமைகளில் முசலிப் பக்கம் வேலைக்குப் போனால், ஜும்மாத் தொழுகை முடிந்ததும் முதல் ஆளாகக் கடையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் நல்ல மீன்துண்டுகள் போய்விடும், வாலும் தலையும்தான் மிஞ்சும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊர் ஊராய்ச் சாப்பிட்டுத் தெரிந்துகொண்டது.

ஐயா, என்னோடு வேலை செய்த மில்ரனின் மரண விசாரணையில் நான் உங்கள் முன்னால் ஒருமுறை சாட்சி சொல்லியிருக்கிறேன். பெயர் பெனடிக்ற், பேசாலை. அன்று நான் சொன்னதில் ஒன்று பொய். அதைத் திருத்தத்தான் வந்தேன். ஆறுதலாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

கரையோர மீன் வாடிகளில் இருக்கிற ஐஸ் அறைகளும் குளிர்பெட்டிகளும் பழுதானால் திருத்துவதுதான் எங்கள் இருவரின் வேலை. ஒரே வான். இன்றைக்குத் தலைமன்னார் என்றால் நாளைக்கு முள்ளிக்குளம். வீட்டுச் சாப்பாடு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாட்களில் வழியில் எந்தக் கடை வருகிறதோ அதில் சாப்பிடுவோம், பின்னேரம் மன்னார் ரவுனுக்குத் திரும்பினால் கொத்துரொட்டி. எனக்கு அது பிடித்திருந்தது. கடைக்காரர்கள் என் முகத்தைத் தெரிந்துவைத்திருந்தார்கள். உள்ளே நுழையும்போதே, "வாங்கோ தம்பி, இண்டைக்கு விளைமீன்" என்று சொல்வார்கள். அப்படிச் சொல்லக் கேட்பதில் ஒரு மரியாதை இருந்தது. வேறெங்கும் எனக்கு அது கிடைத்ததில்லை.

மில்ரனுக்கு இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலேயே ஒருமுறை சாகக் கிடந்தவனாம். கடல் சூழ்ந்த ஊரில் பிறந்தவனுக்கு இப்படியொரு வருத்தம். அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் உட்கார முன்பே கேள்வி கேட்பான். இதுக்கை இறால் கிடக்கோ, இந்தக் கரண்டி நண்டுச் சட்டிக்கை வைச்சதோ, பொரிச்ச எண்ணெய் புதிசோ. சிரித்துக்கொண்டு, பணிவாகத்தான் கேட்பான். ஆனாலும் கேட்பான். பக்கத்து மேசைக்காரர்கள் தங்கள் சோற்றுக் கோப்பையை ஒருமுறை கிளறிப் பார்ப்பார்கள். சமைத்தவரின் முகம் மாறும். எனக்கு வெட்கமாக இருக்கும்.

பேசாலையில் என் உறவுக்காரி அன்ரோனெற் மாமி ஒரு கடை வைத்திருக்கிறா. ஒருநாள் எனக்கென்றே நண்டுக்கறி வைத்திருந்தா. மில்ரன் அடுப்படி வரை போய், தனக்கு வைத்த மீன்கறிச் சட்டியைத் திறந்து பார்த்து, எந்த அகப்பையால் கிண்டினீர்கள் என்று கேட்டான். கிழிந்த வலை பொத்திவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த ஆட்களில் ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"என்ன பெனடிக்ற், கடை சோதிக்கிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாய் போல."

எல்லோரும் சிரித்தார்கள். மில்ரனும் சிரித்தான். வானில் ஏறியதும், "மச்சான், என்னால உனக்குக் கரைச்சல். நீ நண்டு தின்னுற நாளிலை நான் பாணும் பருப்பும் வாங்கிக்கொண்டு வானுக்கை இருக்கிறன்" என்றான். நல்ல மனதோடு சொன்னான். எனக்கு அது இன்னும் எரிச்சலைத் தந்தது.

அவன் சொல்வதில் பாதி பயம், பாதி பழக்கம் என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். உண்மையா என்று பார்த்துவிட்டால் அவனுக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி என்று யோசித்தேன். தலைமன்னாரில் அவன் கை கழுவப் போன நேரம், என் நண்டுக் குழம்பில் கரண்டியைத் தோய்த்து அவனுடைய பருப்பில் ஒருதரம் கிண்டிவிட்டேன். உதடு தடித்தது. வானின் முன்தட்டில் இந்த வருத்தத்துக்கான குளிசைப் பெட்டி வைத்திருந்தான், அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு படுத்தான். பின்னேரம் எழும்பிப் பம்பரம் மாதிரி வேலை செய்தான். இவ்வளவுதானா என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ரவுனில். இறால் கொத்துப் போட்ட தகட்டிலேயே அவனுடைய முட்டைக் கொத்தையும் போடும்படி நான் மெல்லச் சொன்னேன். அன்று குளிசை போதவில்லை. உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். சேலைன் ஏற்றினார்கள். அவனுடைய மனைவி ஜெயனி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்கள் பக்கத்திலை இருந்தபடியாத்தான் தப்பினார்" என்று அழுதா. வைத்தியர் என்னையும் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டார், கூட இருக்கிற நீங்கள்தான் கவனிக்க வேண்டும் என்று சொன்னார்.

ஆகவே எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு மில்ரன் இன்னும் கூடுதலாகக் கேட்கத் தொடங்கினான். ஆனால் ஒரு மாற்றம். நான் கேட்டுச் சொன்னால் அப்படியே நம்பினான். தன்னைக் காப்பாற்றியவன் நான்தானே.

நசீறா அக்காவின் கடை முள்ளிக்குளம் போகிற வழியில் இருந்தது. தகரக் கூரை, நாலைந்து மேசை, பிளாஸ்டிக் கதிரைகள். தொண்ணூறில் முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டு, திரும்பி வந்து காணி துப்புரவாக்கி அவ தொடங்கிய கடை. அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற எல்லோரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் போகும்போது ஜும்மா முடிந்து ஆட்கள் வந்து நிறைந்திருந்தார்கள். வாசலிலேயே மில்ரனுக்கு எங்கள் வேலைக் கந்தோரிலிருந்து போன் வந்தது.

"நீ போய்ச் சொல்லு மச்சான். எனக்கானதைக் கேட்டு எடு" என்றான்.

எதற்குள்ளாவது இறால், நண்டு கிடக்கோ என்று நான் போய்க் கேட்டேன். நசீறா அக்கா அடுப்பிலிருந்து திரும்பாமலே சொன்னா:

"மீனுக்கையும் பருப்புக்கையும் ஒண்டுமில்லை தம்பி. கத்தரிக்காய்ப் பால்கறிக்கை மட்டும் கூனி இறாலை வறுத்து இடிச்சுப் போட்டிருக்கிறன். ஆருக்கும் ஒத்துவராட்டிச் சொல்லுங்கோ, அதை விட்டுட்டு முட்டை பொரிச்சுத் தாறன்."

"இல்லை அக்கா, எல்லாருக்கும் ஒத்துவரும். ரெண்டு கோப்பையிலையும் எல்லாம் போடுங்கோ" என்றேன்.

மில்ரன் வந்து உட்கார்ந்தான். "கேட்டனியே?" என்றான்.

"ஓம், கேட்டனான். ஒண்டுமில்லை. சாப்பிடு."

இடித்த கூனி கண்ணுக்குத் தெரியாது. இறால் ருசி எப்படியிருக்கும் என்பதும் அவனுக்குத் தெரியாது. கத்தரிக்காயை ரசித்துச் சாப்பிட்டான். நல்லாயிருக்கு மச்சான் என்று சொன்னான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை.

விசாரணையில் நீங்கள் கேட்டீர்கள். இறால் இல்லை என்று கடைக்காரப் பெண்தான் சொன்னா என்று நான் சொன்னேன். நசீறா அக்காவைக் கேட்டபோது அவ தடுமாறினா. "நான் எல்லாருக்கும் சொல்லுறனான் ஐயா. அண்டைக்குச் சனம் கூட. சொன்னனானோ, மறந்துட்டனோ, எனக்கு வடிவாத் தெரியேல்லை" என்றா. நேர்மையான ஆட்களிடம் இதுதான் சிக்கல். தங்கள் மீதே சந்தேகப்படத் தெரிந்தவர்கள் அவர்கள். நான் தடுமாறவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் யாரும் சாப்பிடவில்லை. யாரும் அவவைக் குற்றம் சொல்லவுமில்லை, கடந்து போனார்கள், அவ்வளவுதான். கொஞ்ச நாளில் கடையின் பெயர்ப்பலகை இறங்கியது.

போன மாதம் நசீறா அக்கா எங்கள் கந்தோருக்குத் தேடி வந்தா. மெலிந்துபோயிருந்தா. நான் கதிரையை இழுத்துப் போட்டேன், அவ உட்காரவில்லை.

"தம்பி, அண்டைக்கு நீங்கள் கேக்க நான் என்ன சொன்னனான்? உங்களுக்கு மட்டும்தான் தெரியும். சத்தியமாச் சொல்லுங்கோ."

அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். கந்தோரில் மற்றவர்களும் இருந்தார்கள்.

"இல்லை எண்டுதான் சொன்னனீங்கள் அக்கா" என்றேன்.

அவ தலையாட்டினா. பிறகு சொன்னா:

"அப்ப என்ர வாயாலதான் அந்தப் பிள்ளை போயிருக்கு. அவற்ற பெஞ்சாதிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போங்கோ. மாப்புக் கேக்காமல் எனக்குத் தொழவும் ஏலாமல் கிடக்கு."

நான் கூட்டிக்கொண்டு போனேன், ஐயா. மறுக்க ஒரு காரணமும் இல்லையே. அதே வானில், மில்ரன் இருந்த இடத்தில் அவ உட்கார்ந்து வந்தா. வழியில் ஒருமுறை மட்டும், "அவர் கத்தரிக்காயை விரும்பிச் சாப்பிட்டவரோ?" என்று கேட்டா. ஓம் என்றேன். அது ஒன்றுதான் அன்று நான் சொன்ன உண்மை.

ஜெயனி கதவைத் திறந்தா. நசீறா அக்கா வாசற்படியிலேயே முழந்தாளில் இருந்துவிட்டா.

"பிள்ளை, நான்தான். என்ர கவனக்குறைவாலதான். உங்கட கையால எனக்கு என்ன செய்தாலும் சரி."

ஜெயனி அவவைத் தூக்க முயன்றா, முடியவில்லை. தானும் நிலத்தில் இருந்தா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "நீங்கள் வேணுமெண்டு செய்யேல்லைதானே அக்கா. வேணுமெண்டு செய்தாத்தானே பாவம்" என்று ஜெயனி திரும்பத் திரும்பச் சொன்னா. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, இவவையும் கூட்டிக்கொண்டு வந்து, எங்களுக்காக எவ்வளவு செய்யிறியள்" என்றா. தேத்தண்ணி போட்டுத் தந்தா. நான் குடித்தேன்.

அன்றிலிருந்து கடைச் சாப்பாடு எனக்கு இறங்குவதில்லை. எந்தக் கடையில் உட்கார்ந்தாலும் யாரோ பார்க்கிறார்கள் போலிருக்கிறது. வெட்கம்தான், வேறொன்றுமில்லை. கூனி போட்டிருக்கு என்று நசீறா அக்கா சொன்னது உண்மை, நான்தான் மாற்றிச் சொன்னேன் என்று எழுதுங்கள். அவ மீண்டும் கடையைத் திறக்க வேண்டும். கரண்டியையும் கொத்துத் தகட்டையும் எழுதுங்கள். அவனைக் கொல்ல நான் நினைக்கவில்லை என்பதையும் எழுதுங்கள். அவன் கேள்வி கேட்பதை நிறுத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அவனுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியதற்கும் நாங்கள் வானில் ஏறியதற்கும் இடையில் என்ன நடந்தது என்று அன்று நீங்கள் கேட்கவில்லை. மில்ரன் கையை நீட்டினான். பேச முடியவில்லை, வானைக் காட்டினான். குளிசை அங்கே இருந்தது. பூட்டிய வானின் திறப்பு என் சட்டைப்பைக்குள் இருந்தது. கடை நிறைய ஆட்கள். நான் பதறி எழும்பினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். "பொறு மச்சான், சாப்பிட்டு முடிச்சிட்டு எடுத்துத் தாறன்" என்று மெதுவாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான். மேசையைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தான். நான் சோற்றைக் குழைத்து, மீனை முள் நீக்கி, கோப்பை வெறுமையாகும் வரை சாப்பிட்டேன். பிறகு போய்க் கையையும் கழுவிவிட்டு வந்தேன்.

ஐயா, மற்றதையெல்லாம் எழுதுங்கள். இதை மட்டும் எழுதாமல் விட முடியுமானால் விட்டுவிடுங்கள். நீதிமன்றத்தில் சத்தமாக வாசிப்பார்கள். ஊர்ச் சனம் வந்திருக்கும், என்னைப்பற்றி என்ன நினைப்பார்கள்.